தொழிற்களத்தின் சொல்லும் உழைப்போர் மதிப்பும்: மலையகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மொழி கருத்தைப் புலப்படுத்துங் கருவி மாத்திரமன்று. மனிதருக்கிடையே நிலவும் உறவுகளைப் பேணுங் கருவியுமாகும். யார் யாரை எவ்வாறு விளிக்கின்றனர் என்பதை நோக்கின், ஒரு தொழிற்களத்தின் அதிகார ஒழுங்கினை உய்த்துணரலாம். ஈழத்தில் இவ்வுண்மையைத் துலக்கமாகக் காட்டுவது மலையகத் தேயிலைத் தோட்டமாகும்.

'கூலி' என்னுஞ் சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளலாம். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அச்சொல் முயற்சிக்குரிய பயனைச் சுட்டுகின்றது. அங்கு இழிவின் சாயலில்லை. பெருந்தோட்ட ஆட்சியிலோ ஊதியத்தைக் குறித்த சொல் உழைக்கும் மனிதருக்கே பெயராயிற்று. தோட்டக் கணக்கு மொழியும் இதே திசையிற் சென்றது. வேலைக்கு வந்தோரின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணி பெற்ற பணம் 'தலைக்காசு' எனப்பட்டது. ஒரு நாள் வேலை 'பேர்' என்றும், குறித்த அளவு கொழுந்து பறியாதவருக்குப் பதியப்படுவது 'அரைப்பேர்' என்றும் வழங்கலாயின. மனிதர் தலையாகவும் அரைப்பெயராகவும் குறுகினர். கடனாற் பிணித்த 'துண்டு' முறை 1921 இல் ஒழிக்கப்பட்டபோதும் 'கூலி' என்னும் பெயர் அதனோடு ஒழிந்துவிடவில்லை.

தமிழில் மதிப்பும் அவமதிப்பும் பெயர்ச்சொல்லில் மட்டும் தங்குவன அல்ல. வினைமுற்றின் விகுதியிலும் உறைகின்றன. 'வா', 'வாரும்', 'வாருங்கள்' என்பவற்றிடையே ஒரு சமுதாயப் படிநிலையே அடங்கியுள்ளது. 'தொழிலாளி' என்பது பால் காட்டாத சொல். எனினும், 'தொழிலாளி வந்தான்' என்றே எழுதிப் பழகியுள்ளோம். கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்களாயிருக்க, இவ்வழக்கு அவர்தம் உழைப்பை மறைக்கின்றது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்குஞ் சமமான நாட்சம்பளம் 1984 இலேயே கிட்டியது என்பதையும் இதனோடு இணைத்து நோக்குதல் வேண்டும்.

இலக்கியம் இந்நிலைக்கு மாற்றுக் குரலாயிற்று. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தோட்டப் பெண்ணொருத்தியின் வாழ்வை நாவலின் மையத்தில் நிறுத்தியது. 1947 இல் பாராளுமன்றத்திற்குத் தெரிவானவரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்தார். பிறர் தம்மை எவ்வாறு அழைத்தனர் என்பதற்கு அப்பால், அம்மக்கள் தம்மையும் தம்மை ஆண்டோரையும் எவ்வாறு நோக்கினர் என்பதை அப்பாடல்கள் உணர்த்துகின்றன. எள்ளலும் ஏக்கமும் கலந்த அம்மொழி அடங்கிப்போனோரின் மொழியன்று.

இன்சொல்லால் வயிறு நிறையுமோ என வினவுவார் உளர். வினா நியாயமானதே. 'கூலி' என்பதை அழித்துத் 'தொழிலாளர்' என எழுதியதனால் லயன் அறை விரிவடைந்துவிடவில்லை. சம்பளத்திற்கும் காணிக்கும் பதிலாக மரியாதையை வழங்க முற்படுவது ஏமாற்றேயாகும். ஆயினும், அரைப்பேராக எண்ணப்படுபவர் முழுச் சம்பளங் கேட்கையில் அது உரிமையாகவன்றி அடங்காமையாகவே ஆள்வோர் செவியில் விழும். சொல்லின் இழிவு, சுரண்டலை இயல்பானதாக ஆக்கிவிடுகின்றது. ஆகவே இரு போராட்டங்களும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன.

பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறுவோரே நாளை அலுவலக மேசையிலும் மருத்துவமனையிலும் வகுப்பறையிலும் அமர்வர். அங்கு வரும் முதிய தோட்டப் பெண்ணொருத்தி 'நீ' என விளிக்கப்படின், பட்டம் பெற்றவர் கையிலும் பழைய பெரட்டுக்களத்தின் மொழியே நிலைபெறும். 'நீங்கள்' என்பதற்குச் செலவெதுவுமில்லை. ஆயினும் அதைச் சொல்லும் நாவுக்கு, எதிரே நிற்பவரின் முழுப்பெயரையும் முறையீட்டையும் கேட்கும் செவியும் உடன் வேண்டும்.