அப்போஸ்தல் கரமிதேவின் நடிப்பில் நகையும் அவலமும்

பல்கேரிய நடிகர் அப்போஸ்தல் கரமிதேவின் கலை வாழ்வை, முற்பகுதி நகைச்சுவை, பிற்பகுதி அவலம் என இருகூறாக்குதல் எளிது. அப்பகுப்பு பொருந்தாது என்பதே எம் கருத்து.

1923-இல் கருங்கடற் கரையில் உள்ள புர்காஸ் நகரிற் பிறந்த அவர், சோபியாவின் இவான் வாசோவ் தேசிய நாடக அரங்கின் முதன்மை நடிகருள் ஒருவராய் விளங்கினார். நடிப்பு ஆசிரியராகவும் பணியாற்றினார். மேடை நடிப்போ கண்டார் நினைவோடு மறைவது. எனவே, அரங்கிலே வாழ்ந்த ஒருவரைத் திரைப்படங்களைக் கொண்டே அளக்க வேண்டிய இடர்ப்பாடு நமக்கு உண்டு.

விளதிமிர் யாஞ்செவ் இயக்கிய 'விருப்பத்திற்குரிய 13' (1958) என்னும் படத்தில் அவர் ஏற்றது இரட்டை வேடம். இரட்டையருள் ஒருவன் புகழ்பெற்ற காற்பந்து வீரன். மற்றவனுக்கோ பந்தாட்டமே வாராது. ஆள் மாறாட்டக் கதை பழையதே. சில இடங்களில் மிகையும் உண்டு. ஆயின் முகம் ஒன்றாக, ஆள் இரண்டாகத் தோன்றுவது எதனால்? நடையால், நோக்கால், விடையிறுக்குமுன் கொள்ளும் சிறு தயக்கத்தால். மெய்ப்பாடு என்னும் நம் இலக்கணச் சொல்லுக்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டா.

'அனைத்திலும் வல்லுநன்' (1962) அத்துணை ஆழம் உடையதன்று. வலேரி பெத்ரோவ் எழுதிய 'கவசமற்ற வீரன்' (1966) வேறு வகை. பெரியோரின் பொய்ம்மையைக் காணும் சிறுவனுக்கு உண்மை மனிதனாய்த் தோன்றும் மாமன் கியோர்கியாக அவர் வருகிறார். இங்கே நகை பிறரைச் சிரிக்கவைக்கும் கருவியன்று; ஒருவனது நேர்மையின் அடையாளம்.

இந்நகையே 'வெள்ளை அறை' (1968) என்னும் படத்தில் அடங்கி நிற்கின்றது. போகொமில் ரைனவின் புதினத்தைத் தழுவிய அப்படத்தில், கொள்கை இறுக்கத்தோடு போராடிய அறிஞன் ஒருவன் மருத்துவமனை அறையில் கிடந்து தன் வாழ்வை எண்ணிப் பார்க்கின்றான். இரங்கத் தூண்டும் நடிப்புக்கு இடம் மிகுதி. கரமிதேவ் அதனை நாடவில்லை. இரட்டை வேடத்தில் பழகிய அத்தயக்கம் இங்கே, சொல்லவேண்டிய காலத்தில் சொல்லாது விட்டவனின் மௌனமாகின்றது. நகையிற் பயின்ற அளவுணர்வின்றி இவ்வடக்கம் கைவந்திராது என்பது எம் துணிபு.

நாடக இயக்குநராயிருந்த மெதோதி அந்தோனவுக்கு அதுவே முதல் முழுநீளப் படம். கரமிதேவ் 1973 நவம்பரில் ஐம்பதாம் வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டில் அந்தோனவும் மறைந்தார்.