கெடுதி வினாவும் தப்பிய விலங்கும்

அகப்பொருள் நூல்கள் கூறும் துறைகளுள் கெடுதி வினாதல் என்பது ஒன்று. வேட்டைமேற் சென்ற தலைவன், தன் அம்பு பட்டும் வீழாது ஓடிய யானையோ மானோ இவ்வழிப் போந்ததுண்டோ எனத் தினைப்புனங் காக்கும் மகளிரை வினவி நிற்றல் இத்துறையின் பொருளாகும். கெடுதி என்பது கெட்டுப்போனது. அஃதாவது கைக்கு அகப்படாது போன பொருள். தலைவன் தோழியைக் குறையுறும் பகுதியைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர், ஊரும் பெயரும் வினவுதலோடு இதனையும் உடனெண்ணினார். பின்வந்த கோவை நூல்கள் இதனை வகுத்து விரித்தன. திருக்கோவையாரின் நானூறு பாட்டுக்களுள், மதியுடம்படுத்தற் பகுதியில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் எனத் தனித்தனிக் கிளவிகளே அமைந்துள்ளன.

இத்துறைக்கு வகுப்பறையில் நாம் வழக்கமாகக் கூறும் விளக்கம் மிக எளிது. தலைவன் எந்த யானையையும் எய்தானல்லன். எந்த மானும் தப்பிற்றன்று. மகளிரோடு பேச்சுத் தொடங்குதற்கு அவன் படைத்துக்கொண்ட பொய்யே இவ்வினா என்று கூறி, அடுத்த துறைக்குச் சென்றுவிடுகின்றோம். இவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் நிரம்பியதன்று என்பதே எம் கருத்து. பொய்யாயின், உலகில் எத்தனையோ பொய்கள் இருக்க, இப்பொய்யை ஏன் தேர்ந்தான்? வழி வினவலாம், நீர் வேண்டலாம், அவையும் துறைகளாக உள்ளனவே. அம்பு பட்ட விலங்கைத் தேடி வந்தேன் என்னும் சொல்லுக்குப் பிறர் புனத்தெல்லைக்குள் அயலானொருவன் கால் வைத்தற்குரிய உரிமையைத் தரும் வலி எங்கிருந்து வந்தது? இதனை ஆராயாது விடுதல் துறையின் வேரை விட்டுக் கிளையைப் பற்றுதலாம்.

வில்வேட்டையின் இயல்பை அறிந்தாலன்றி இவ்வினாவிற்கு விடை காண்டல் அரிது. துப்பாக்கிக் குண்டு தாக்குதலின் அதிர்ச்சியாலும் கொல்லும். அம்போ அறுத்துக் குருதியை வடித்தே கொல்லும். ஆதலின் நன்கு எய்யப்பட்ட விலங்கும் பட்ட இடத்தே வீழ்வது அரிது. நுரையீரலிற் பட்டது சிறிது தொலைவு ஓடி வீழும். குடரிற் பட்டதோ பல நாழிகை உயிரோடிருந்து, புதரிற் கிடந்து, எழுந்து, மீண்டும் நடக்கும். எய்தவுடன் பின்தொடர்ந்து ஓடுவான் அதனை இழப்பான். துரத்தப்படும் விலங்கு தன் வலியெல்லாம் கூட்டி நெடுந்தொலைவு போய்விடும். பொறுத்திருந்து, பின்னர் மெல்ல அடி தேர்ந்து செல்பவனே அதனைக் காண்பான். நுரைத்த செங்குருதியாயின் நுரையீரல் என்றும், கருஞ்சிவப்பாயின் ஈரல் என்றும், இரையோடு கலந்து நீர்த்ததாயின் குடர் என்றும் இலைமேற் படிந்த துளியைக் கொண்டே அவன் உணர்வான். வில்வேட்டை சட்டத்தின்பாற்பட்டு இன்றும் நடைபெறும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புதியோர்க்கு இவையே முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. அங்கும் கை தேறாத வில்லி ஒருவன், தான் எய்த மானைக் காணாது இருட்டில் வீடு திரும்பிப் பல நாள் உறக்கமின்றி வருந்துதலும், வில்லையே துறந்துவிடலாமோ என்று எண்ணுதலும் உண்டு. எய்யாது விட்ட விலங்குக்கு அவன் கடன்பட்டானல்லன். எய்து இழந்த விலங்குக்கோ கடன்பட்டான்.

இக்கடன் எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டதொன்றாதலின், அதனைத் தீர்க்க வருவானைத் தடுத்தல் ஆகாது என்னும் வழக்கமும் உடன்தோன்றியிருத்தல் வேண்டும் என யாம் கருதுகின்றோம். அன்றியும், புண்பட்டுத் திரியும் யானை புனங்காக்கும் மகளிர்க்கே முதற்பகை. அதன் வழியை வினவுதல் ஒருவகையில் அவர்க்கு விடுக்கும் எச்சரிக்கையுமாம். இவ்விரண்டும் மெய்யாக நிலவிய ஒரு குமுகாயத்தில்தான் அவ்வினா பொய்யாகவும் பயன்படும்.

குறிஞ்சிக்கலியுள் இப்பொய் வெளிப்பட நிற்கும் இடமும் உண்டு. கலித்தொகையின் முப்பத்தேழாம் பாட்டில், கண்ணி சூடி வில்லேந்தி வருவானொருவன் வலிய விலங்கின் அடிச்சுவடு தேடுவான் போல வருகின்றான் எனப்படுகின்றான். அப் 'போல' என்னும் ஓருருபிலேயே பாட்டின் நகையெல்லாம் அடங்கியுள்ளது. ஒருவன் மெய்யாக அடி தேர்கின்றானா, தேர்வான் போல நடிக்கின்றானா என்பதைக் குறவர்மகள் பார்த்த அளவிலே அறிவாள். அடி தேர்தல் இன்னதென அவள் அறிவாளாதலின் நடிப்பையும் அறிகின்றாள். அதனை அறியாத நமக்கு அவ்வுருபு வெற்றுருபாய்ப் போகின்றது.

அகநானூற்று எண்பத்திரண்டாம் பாட்டு இதனினும் நுண்ணிது. கபிலர் பாடிய அப்பாட்டில், வில்லைப் பற்றி அம்பைத் தெரிந்துகொண்டு, யானை சென்ற நெறியை வினவியவாறு, தினைப்புனத்தின் நுழைவாயிலில் ஒருவன் நிற்கின்றான். அவனைக் கண்டோர் பலர்; அவருள் இரவெல்லாம் கண்ணீரோடு கிடப்பவள் தான் ஒருத்தியாதல் ஏன் எனத் தலைவி தோழியைக் கேட்கின்றாள். ஈண்டு வினா பொய்யென்பதற்குக் குறிப்பொன்றும் இல்லை. அவன் மெய்யாகவே யானையைத் தேடினான் எனக் கொள்ளினும் பாட்டுக்கு இழுக்கில்லை; கொள்ளின் சுவை மிகும் என்றே கூறுவோம். அம்பு தெரிந்து நின்றவன் தேடியது யானையை. பட்டு வருந்தியதோ தலைவி. எய்தவன் அறியாத புண் ஒன்று ஊருக்குள் இராமுழுதும் விழித்துக் கிடக்கின்றது. அவன் வினவியது பொய்யென்று முன்னரே முடிவுகட்டி வருவோர்க்கு இவ்வொப்புமை புலப்படாது.

இனி, குறிஞ்சிப்பாட்டுக்கு வருவோம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் பாடிய இப்பாட்டின் 261 அடிகளுள், மகளிர் குவித்த மலர்களின் பெயர்வரிசைக்கு நம் மாணாக்கர் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் அம்மலர்களுக்குப் பின் நிகழ்வனவற்றுக்குக் காட்டுவாராயின் நன்று. நாய்கள் சூழ மகளிர் அஞ்சி நடுங்க, தலைவன் வந்து இன்சொற் கூறி, இவ்வழிப் போந்த கெடுதி ஒன்று உடையேம் என்கின்றான். மகளிர் விடை தந்திலர். கெடுதியைப்பற்றிக் கூறீராயினும் எம்மொடு பேசுதலும் பழியாமோ என்று மீண்டும் இரக்கின்றான். அவ்வளவில், புனத்திலிருந்து துரத்தப்பட்ட களிறு ஒன்று சினந்து வருகின்றது. உயிர்க்கு அஞ்சிய மகளிர் நாணும் மறந்து அவனை அடைய, அவன் அம்பினை அதன் முகத்தில் எய்கின்றான். நெற்றி சிதைந்து குருதி ஒழுகக் களிறு புறங்கொடுத்து ஓடுகின்றது. களிறு தரு புணர்ச்சி என்று நாம் இதற்குப் பெயரிட்டு நிறைவடைகின்றோம்.

கெடுதி வினவி வந்தவன் தன் கண்முன்னே மற்றொரு கெடுதியை உண்டாக்குகின்றான் என்பதை உரைகாரர் எவரும் பொருட்படுத்தியதாக யாம் கண்டிலம். முன்னைய விலங்கு மெய்யோ பொய்யோ, இக்களிறு மெய். இதன் புண்ணும் மெய். அது வீழ்ந்ததாகப் பாட்டில் இல்லை. முன்னர் இருமுறை கெடுதியைப்பற்றிக் கேட்டவன், இப்பொழுது ஒருமுறையேனும் அதன்பின் சென்றிலன். கபிலர் இதனை அறியாது பாடினார் எனல் பொருந்தாது. அடுத்தடுத்த அடிகளில் வினாவையும் புண்ணையும் வைத்தவர் அவரே. முதல் வினா பொய்யென்பதற்குப் பாட்டிலேயே உள்ள சான்று, மெய்யான கெடுதி நேர்ந்தபோது அவன் தேடாமையே என்பது எம் துணிபு. மலர்ப்பட்டியலைப்போல விளங்கத் தெரிவதன்று இஃது. ஆயினும் அதனினும் ஆழமான புலமையைக் காட்டுவது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். பாட்டுரைப்பவள் தோழி, கேட்பவள் செவிலி, அறத்தொடு நிற்றலே நோக்கம். தலைவன் உயிர் காத்தான் என்பதை நிறுவுதற்குப் புண் வேண்டும். புண்பட்டதன் பின்னிலை வேண்டா. ஆதலின் களிற்றை மேலும் தொடராமை தோழியின் கூற்றுக்குரிய எல்லையே அன்றித் தலைவன் குறையன்று எனலாம். இத்தடையில் வலி உண்டு. யாம் முற்றும் மறுக்கின்றிலம்.

விலங்கைத் தவறவிட்ட வேட்டுவன் என் செய்வான் என்பதற்கு நற்றிணையின் நூற்றறுபத்தைந்தாம் பாட்டுத் தரும் விடை முற்றிலும் வேறு. ஆமானின் மார்பிற் சென்று பாயாது அம்பு பிழைத்துப் போகின்றது. கானவன் அம்பு சென்ற போக்கை எண்ணிப் பார்க்கின்றான். வில்லையும் பழியான், கையையும் பழியான். இம்மலை தெய்வமுடைத்து எனத் துணிகின்றான். முகில் மலையைச் சூழ்க என வாழ்த்திச் சுற்றத்தோடு கூடிக் கடவுளைப் பேணி மகிழ்கின்றான். இதனைப் பேதைமை என ஒதுக்குவார் உளர். யாம் அவ்வாறு கருதோம். குறி தவறிய வேட்டுவன் அதற்குக் காரணம் தேடாமல் உறங்கான். காரணத்தைத் தன்மேல் ஏற்றினால் மறுநாள் வில்லெடுக்கும் கை நடுங்கும். வில்லெடாவிடின் மனையில் ஊனில்லை. மலைத்தெய்வத்தின்மேல் ஏற்றுதல் அவனை மீண்டும் வில்லெடுக்கச் செய்யும் வழி. ஆயினும் ஒன்று நோக்குக: அவ்வம்பு ஆமானைத் தொடவே இல்லை. தொட்டுக் காயப்படுத்தித் தப்பியிருப்பின் இவ்வழிபாடு போதுமா என்பதைப் பாட்டுக் கூறவில்லை. கோப்பெருஞ்சோழன், யானை வேட்டைக்குப் போனவன் யானையோடும் குறும்பூழ் வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடும் வருதல் கூடும் என்னும் கருத்தைப் புறநானூற்றில் கூறுமிடத்தும், வெறுங்கையே பேசப்படுகின்றது, புண் பேசப்படவில்லை. வல்வில் ஓரியின் அம்பு யானையை ஊடுருவி, புலி, மான், பன்றி, உடும்பு என ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்திச் சென்றதாக வன்பரணர் பாடியதோ வேறொரு வேட்கையின் விளைவு. தப்பிய விலங்கே இல்லாத வேட்டையைக் கனவில் மட்டுமே காணலாம் என்பது வேட்டுவர் எல்லாரும் அறிந்த செய்தியாதலின், பாணர்க்கு அது பாடுபொருளாயிற்று.

புண்பட்ட விலங்கை நெஞ்சில் வைத்து உறங்காத ஒருவனைச் சங்க நூல்களுள் காணவேண்டின், குறிஞ்சியை விட்டு முல்லைக்குச் செல்லல் வேண்டும். நப்பூதனாரின் 103 அடி முல்லைப்பாட்டில், பாசறையிற் கிடக்கும் அரசன் கண்படான். வாட்புண் பட்டுப் பிடியை மறந்த களிறுகளையும், பட்ட மறவரையும் நினைக்கின்றான். தோற்பரிசையை அறுத்துக்கொண்டு அம்பு மூழ்கியதனால் செவி சாய்த்து, உணவு கொள்ளாது வருந்தும் குதிரைகளையும் நினைக்கின்றான். செவி சாய்த்தல் என்னும் ஒரு மெய்ப்பாட்டில் வலி முழுவதும் அடங்கிவிட்டது. ஆயினும் அவை அவனுடைய குதிரைகள். பகைவர் பக்கத்துக் குதிரைகளின் செவிகள் அவன் எண்ணத்தில் இல்லை. குறளில் படைச்செருக்குக் கூறும் அதிகாரத்து மறவன், தன் கைவேலைக் களிற்றின்மேல் எறிந்து அதனோடு போகவிட்டு, தன் மெய்யிற் பட்ட வேலைப் பறித்து நகைக்கின்றான். வேலோடு போன களிறு எங்கே வீழ்ந்தது என அங்கும் கேட்பாரில்லை.

முல்லைப்பாட்டுக்கு 1903ஆம் ஆண்டில் ஆராய்ச்சியுரை வகுத்தவர் மறைமலையடிகள். அக்காலத்து அவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். 1911இல் அப்பணியை விடுத்துப் பல்லாவரத்தில் வந்து தங்கினார். அக்கல்லூரி பின்னர் 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. நச்சினார்க்கினியர் அடிகளை அங்கும் இங்கும் மாட்டிப் பொருள் கொண்டதை மறுத்து, பாட்டு நடக்கும் நெறியிலேயே பொருள் காணல் வேண்டும் என அடிகள் வற்புறுத்தினார். குறிஞ்சிப்பாட்டில் கெடுதி வினாவையும் அதன்பின் வரும் புண்ணையும் நிரலே வைத்து யாம் நோக்கியது அந்நெறியைப் பின்பற்றியதே.

பல்லாவரம் முதல் வண்டலூர் வரையுள்ள இந்நிலத்துக்கு வேட்டை புதிதன்று. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இராபர்ட் புரூசு பூட்டு பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில்தான். தமிழ் தோன்றுதற்கு மிக முன்னரே இங்கு விலங்கின் பின்னே அலைந்தவர் இருந்தனர். இன்று இம்மலைச்சரிவுகள் கல் உடைக்கப்பட்டுக் குழிகளாயின. விலங்குகள் வண்டலூர் உயிரியற் பூங்காவின் வேலிக்குள் உள்ளன. கல்லூரித் தோப்பில் புள்ளிமான்கள் மேய்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமாயிற்று, ஆதலும் வேண்டும். ஆயினும் அடி தேரும் அறிவு அதனோடு மாண்டதன்று. செங்கற்பட்டு மாவட்டத்து இருளர் மண்ணிற் படிந்த கோடொன்றைக் கண்டு பாம்பு சென்ற திசையையும் அதன் பருமனையும் கூறுவர். தோல் வணிகம் தடைப்பட்டபின், 1978இல் வடநெம்மேலியில் அவர்தம் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, நஞ்செடுக்கும் தொழிலுக்கு அவ்வறிவைத் திருப்பிற்று. மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்று அங்குள்ள மலைப்பாம்புகளைத் தேடிக் கொடுத்தனர். 2023இல் பத்மசிறீ விருதும் பெற்றனர். கலித்தொகையின் 'போல' என்னும் உருபுக்கு உரை எழுதப் புகுவோர், நிகண்டுகளைப் புரட்டுமுன் இத்தகையாரிடம் ஒரு நாள் நடந்து வருதல் தகும்.

கொலை வேட்டை ஒழிந்தபின் இத்துறையை ஆராய்தலாற் பயன் என்ன எனச் சிலர் வினவக்கூடும். காயப்படுத்திக் கைவிடுதலின் விளைவு எய்தவனோடும் விலங்கோடும் நிற்பதன்று. ஆட்கொல்லிப் புலிகளைப்பற்றி 1944இல் எழுதிய நூலில் சிம் கார்பெட்டு, அவற்றுட் பலவும் முன்னர்ப் புண்பட்டவை. எய்தவர் தொடர்ந்து சென்று முடிக்காது விட்டமையே பல புண்களுக்குக் காரணம் என்றார். 1907இல் அவர் வீழ்த்திய சம்பாவத்துப் பெண்புலியின் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் முன்னொரு துப்பாக்கிக் குண்டால் உடைந்திருந்தன. எய்தவன் எவன் என்பது எவர்க்கும் தெரியாது.

குறிஞ்சிப்பாட்டின் களிறும் அந்நிலையதே. அது புறங்கொடுத்தபின் மகளிர் அருவியிற் சிக்குண்டு நடுங்குகின்றனர். தலைவன் தலைவியைத் தழுவுகின்றான். மலைமேற் கடவுளைத் தொழுது, தெளிந்த நீரைக் குடித்து, பிரியேன் என வஞ்சினம் கூறுகின்றான். மாலை வருகின்றது, ஆநிரை மன்றம் புகுகின்றது, பறவை தத்தம் சேக்கை அடைகின்றது. கபிலர் அம்மாலையை நீள விரித்துப் பாடுகின்றார். அதனுள் ஓரிடத்தும் முகம் சிதைந்த களிறு மீண்டும் வருவதில்லை.