களப்பணிக்கு இடம் மட்டும் போதாது, ஆசிரியரும் வேண்டும்

இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி 1936இல் மும்பையின் நாக்பாடாவில் பிறந்தது. உழைக்கும் மக்களின் நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே அங்கே ஒரு சமூக மையத்தை நடத்திவந்த அமெரிக்கப் பாதிரியார் கிளிஃபோர்டு மேன்ஷார்ட்தான் அதன் முதல் இயக்குநர். சர் தொராப்ஜி டாட்டா பெயரில் தொடங்கிய அந்தப் பள்ளி, 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆனது. 1954இல் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு வந்து சேர்ந்தது. களம் முதலில் இருந்தது, கல்லூரி பிறகு வந்தது. இன்று நிலைமை தலைகீழ். கல்லூரிகள் பெருகிவிட்டன, மாணவர்களை எங்கே அனுப்புவது என்று ஆண்டுதோறும் களம் தேடுகின்றன.

சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் களப்பணிதான் பாதி உயிர். மும்பைக் கல்லூரிகளில் வழக்கமாக வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு தொண்டு நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ காப்பகத்திலோ வேலை. செய்ததையும் பார்த்ததையும் 'ரெக்கார்டிங்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பேராசிரியரோடு தனியே உட்கார்ந்து பேசும் 'ஐ.சி.', சக மாணவர்களோடு சேர்ந்து பேசும் 'ஜி.சி.' இரண்டும் உண்டு. யார் எங்கே போக வேண்டும் என்று கல்லூரியே முடிவு செய்து பட்டியல் போடும். தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில் வேறு வழக்கம்: துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு மாணவரே இடம் தேட வேண்டும். மும்பையிலும், தொடர்ச்சியாக முழுநேரம் செய்யும் கடைசிப் பருவத்து பிளாக் பிளேஸ்மென்ட் என்றால் மாணவர்கள் தாங்களே அலைவது உண்டு.

கல்லூரியே இடம் ஒதுக்கும் முறைதான் நியாயமானது. தென்காசிப் பக்கமிருந்து வந்து மும்பையில் ஒருவரையும் அறியாத மாணவியும், பெரிய அறக்கட்டளை ஒன்றில் மாமா வேலை பார்க்கும் மாணவியும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால், பாடம் தொடங்கும் முன்பே செல்வாக்கு ஜெயித்துவிடும். ஒதுக்கீட்டு முறையில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நாமாகத் தேர்ந்தெடுத்தால் போயிருக்கவே மாட்டோம் என்ற இடங்களுக்கு அது நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. செம்பூரில் பிச்சைக்காரர் இல்லம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் பிடிபட்டவர்களை அடைத்துவைக்கும் இடம். மாட்டுங்காவில் ஆதரவற்ற பெண்களுக்கான ஷ்ரத்தானந்த் மகிளாஷ்ரம். பக்கத்து மாஹிமில், வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்கான டேவிட் சாசூன் தொழிற்பள்ளி. வறுமையைக் குற்றமாக்கும் சட்டம் ஒரு மனிதரை என்ன செய்கிறது என்பதை இப்படிப்பட்ட இடங்களில் நேரில் பார்த்த மாணவர் பிறகு அந்தச் சட்டத்தை வெறும் தேர்வுக் கேள்வியாகப் படிக்க முடியாது.

மருத்துவமனைக் களப்பணியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இந்தியாவின் முதல் மருத்துவச் சமூகப்பணியாளர் 1946இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில்தான் நியமிக்கப்பட்டார். அந்த மரபு மாநகராட்சி மருத்துவமனைகளில் இன்றும் இருக்கிறது. தாராவிக்குப் பக்கத்திலுள்ள சயான் மருத்துவமனையில் அப்படி ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சைக்கான செலவு மதிப்பீட்டுக் கடிதத்தோடு ஒரு தமிழ்க் குடும்பம் வந்து நிற்கிறது. நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே ரேஷன் அட்டை என்ன நிறம் என்று கேட்டாக வேண்டும். மஞ்சளா, ஆரஞ்சா, வெள்ளையா? அட்டை மும்பையில் இருக்கிறதா, திருநெல்வேலியில் மாமியார் வீட்டில் இருக்கிறதா? நோயாளியின் பெயர் அதில் இருக்கிறதா? அரசு காப்பீட்டுத் திட்டம் எவ்வளவு கொடுக்கும், மீதிக்கு எந்த அறக்கட்டளைக்கு எழுதுவது, எதை நகல் எடுத்து வைப்பது? பதில் சொல்லும் அம்மாவின் குரல் நடுங்கும்போது கேள்வியை எப்படி மெதுவாக்குவது? அந்த மேசைக்கு அருகில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் கிடைக்கும் பாடம் எந்த நூலிலும் இல்லை.

ஆனால் அந்தப் பாடத்தை எடுப்பவர் யார்? வரிசையில் நிற்கும் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே மாணவருக்கும் சொல்லிக்கொடுக்கும் அந்தச் சமூகப்பணியாளர்தான். பெரும்பாலும் அதற்குத் தனியாக ஊதியமோ நேரமோ கிடையாது. மாணவரின் மதிப்பெண், கல்லூரியின் பட்டம், கட்டணம் எல்லாம் அவர் இலவசமாகத் தரும் உழைப்பின் மேல் நிற்கின்றன. இந்த முறையின் ஆணிவேரான குறை இதுதான். மற்ற குறைகளெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

தொண்டு நிறுவனங்களில் நெருக்கடி இன்னும் கூடுதல். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ திட்ட இலக்கைக் கேட்கிறது: எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை வீடு, எத்தனை புகைப்படம். மாணவருக்கு வழிகாட்டுவது என்று ஒரு தலைப்பு எந்த வரவுசெலவிலும் கிடையாது. பிறகு என்ன ஆகும்? வந்த மாணவர் இலவசக் கை ஆகிறார். எக்செல் தாளை நிரப்புகிறார், படிவம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார், ஆண்டறிக்கைக்குப் படம் பிடிக்கிறார். ஆண்டு முடிவில் கையெழுத்தான வருகைப் பதிவேடு கிடைத்துவிடும். ஒரு குடும்பத்தோடு எப்படிப் பேசத் தொடங்குவது என்பது மட்டும் தெரிந்திருக்காது.

மக்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் குறை இன்னும் கசப்பானது. தாராவியில் இட்லி அவித்து விற்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நள்ளிரவு தாண்டி எழுந்து இட்லித்தட்டு ஏற்றி, விடியும்போது ஆண்கள் பாத்திரத்தைச் சுமந்து நகரத்துக்குள் போயிருப்பார்கள். களப்பணி நேரம் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடிகிறது. மாணவர் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும்போது, அந்த வீட்டுப் பெண் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்திருப்பார். எழுந்தால் அடுத்த நாளுக்கு மாவு அரைக்கும் வேலை. ஏப்ரல், மே மாதம் பள்ளி விடுமுறைக்குப் பல குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். அதற்குள் மாணவரின் ஆண்டும் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு புதிய மாணவர் புதிய நோட்டுப் புத்தகத்தோடு வந்து, குடிக்கும் கணவரைப் பற்றியும் படிப்பை நிறுத்திய மகனைப் பற்றியும் முதலிலிருந்து கேட்பார். முந்தைய நோட்டுப் புத்தகம் எங்கே போனது, அதில் எழுதிய குடும்ப ரகசியம் யார் அலமாரியில் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்வதில்லை.

இப்போது நோட்டுப் புத்தகமே அச்சமூட்டும் பொருளாகிவிட்டது. தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததாக நிரூபிப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியறையில் வாடகைக்கு இருப்பவரின் எதிர்காலம் ஒரு படிவத்தில் தொங்கும்போது, பெயரும் குடும்பத்தில் எத்தனை பேர் என்றும் கேட்கும் அந்நியரை அவர் எப்படி நம்புவார்? பழகிய ஒருவர் கூட வந்து, இது யார் பிள்ளை, எதற்காக வந்திருக்கிறது என்று சொல்லாமல் மாணவரை அந்தச் சந்துக்குள் அனுப்புவது இரு தரப்புக்கும் செய்யும் அநியாயம்.

தமிழ் மாணவர்களுக்கு இதில் தனி சோதனை ஒன்று. இந்தியும் மராத்தியும் தடுமாறும் பிள்ளையைத் தாராவிக்கு ஒதுக்கினால் முதல் வாரமே வேலை தொடங்கிவிடும், "எந்த ஊரும்மா நீ?" என்ற ஒரே கேள்வியில் வாசல் திறந்துவிடும். அது பெரிய வரம். ஆனால் அந்தப் பிள்ளையை ஆண்டு முழுவதும் மொழிபெயர்ப்பாளராகவே வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. தாராவிக்குள்ளேயே இருக்கும் கும்பார்வாடாவின் குஜராத்திக் குயவர்களையோ கோவண்டியின் குப்பை பொறுக்கும் குடும்பங்களையோ பார்க்காமலே மும்பைப் படிப்பு முடிந்துவிடும். ஓர் ஆண்டு தாராவி என்றால் மறு ஆண்டு கட்டாயம் வேறு மொழி பேசும் இடம் தர வேண்டும்.

மேற்பார்வையாளர் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவராக இருக்க வேண்டும் என்று கல்லூரிகள் விரும்புவதில் காரணம் இருக்கிறது. ஆனாலும் அந்த அளவுகோல் போதாது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், மான்கூர்ட் பக்கத்து ஜனதா காலனியைக் காக்கப் போராடினார். 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளப்பட்டார்கள். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கிய அவருக்குச் சமூகப்பணிப் பட்டம் கிடையாது. டாட்டா நிறுவனத்தில் படித்த ஷீலா படேலும் தோழர்களும் நாக்பாடா மையத்தை விட்டு வெளியே வந்து, பைகுல்லா நடைபாதைவாசிப் பெண்களோடு 1984இல் ஸ்பார்க் அமைப்பைத் தொடங்கினார்கள். பட்டம் பெற்றவர்களும் பெறாதவரும் சேர்ந்து நடத்திய அந்த இயக்கம் நகர ஏழைகளின் வீட்டுரிமைப் பேச்சையே மாற்றியது. பகுதியில் மூத்த ஒரு பெண்ணையோ சங்கத் தலைவரையோ கல்லூரி முறைப்படி களப்பணி ஆசிரியராக ஏற்று மதிப்பூதியம் தருவதில் என்ன தடை?

நல்ல முன்மாதிரி வேறெங்கும் தேட வேண்டாம். கல்லூரியே நடத்தும் களச்செயல் திட்டங்கள் டாட்டா நிறுவனத்தில் பல்லாண்டாக இருக்கின்றன. காவல்துறைக்குள் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவு 1984இல் வந்தது. 1098 சைல்ட்லைன் 1996இல் இப்படித்தான் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவியது. வீடற்றோருக்காக 2006இல் பிறந்த கோஷிஷ் குழுவின் 2018 தணிக்கை அறிக்கைதான் பீகாரின் முசாஃபர்பூர் காப்பகத்தில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமையை வெளிக்கொண்டுவந்தது. கற்பிப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்ட இடங்கள் இவை. நிதி நிலையாக இல்லாததுதான் இவற்றின் பலவீனம்.

பணத்தைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் சமூகப்பணி மாணவர்கள் 1,000 மணி நேரம் களப்பணி செய்தாக வேண்டும். அதனால் வேலையை விட்டுக் கடனில் விழுகிறார்கள் என்று போராடிய பிறகு, 2025 ஜூலை முதல் தகுதியுள்ள மாணவர்களுக்கு வாரம் 300 டாலருக்கு மேல் அரசு உதவித்தொகை தருகிறது. நம் மாணவருக்கு ரயில் பாஸும் மதிய உணவும்கூடச் சொந்தச் செலவு. இங்கே களப்பணி நேரத்தையும் மேற்பார்வையாளரின் தகுதியையும் கட்டாயமாக்கிக் கண்காணிக்கும் தேசியக் கவுன்சில் சமூகப்பணிக்கென்று இதுவரை அமையவில்லை. அதனால் ஒவ்வொரு கல்லூரியும் தன் விருப்பப்படி நடத்துகிறது.

கல்லூரிகளிடம் நான் கேட்பது இது. மாணவர்களை எத்தனை நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணாதீர்கள். வாரம் ஒரு மணி நேரமாவது மாணவரோடு உட்காரக்கூடிய மேற்பார்வையாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்கு மேல் இடம் ஒதுக்காதீர்கள். அவர்களுக்கு ஊதியம் கொடுங்கள். ஒரு குடும்பத்தை விட்டு வரும் மாணவர், அக்குடும்பத்தின் சம்மதத்தோடு, அடுத்தவருக்கு வேலையை ஒப்படைக்கும் நாளைக் கால அட்டவணையில் எழுதுங்கள். இந்த ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் தன் பெயரைத் தேடும் மாணவருக்கும் ஒரு சொல்: நிறுவனத்தின் பெயர் எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள். எனக்குச் சொல்லித்தரப்போவது யார், அவர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்னோடு உட்காருவார் என்று முதல் நாளே கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறு இடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.