கண்டிச் சீமையில் ‘ஆயிரத்தில் ஒருவன்’

‘ஆயிரத்தில் ஒருவன்’ ஒரு சமூகப் படம் என்று நான் சொன்னால், கத்திச் சண்டையும் கப்பலும் கடற்கொள்ளைக்காரரும் நிரம்பிய ராஜா ராணிக் கதைக்கு அந்தப் பெயரா என்று படித்தவர்கள் புன்னகை செய்யக்கூடும். ஆயினும், 1964ஆம் வருஷம் அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்து, மிஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்ட அந்தக் காலத்தில், தாம் எந்தப் பங்கில் சேர்ந்தவர் என்று அறியாத தேயிலைத் தோட்டத்து ஜனங்களோடு ஒரே படமாளிகையில் உட்கார்ந்து, 1965இல் வெளிவந்த பந்துலுவின் அந்தச் சித்திரத்தைப் பார்த்தவர்களுக்கு, நான் சொல்வதில் விபரீதம் ஒன்றும் தோன்றாது.

கதை பலருக்கும் தெரிந்ததே. நெய்தல் நாட்டைச் சர்வாதிகாரி ஒருவன் ஆள்கிறான். காயம்பட்ட கலகக்காரர்களுக்குச் சிகிச்சை செய்த வைத்தியன் மணிமாறன், அவர்களோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டு, கன்னித் தீவில் அடிமையாக விற்கப்படுகிறான். இதற்கு மூலம், ராபேல் சபாட்டினி 1922இல் எழுதிய ‘காப்டன் பிளட்’ என்ற ஆங்கில நவீனம். அதில் வரும் தீவு மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள பார்படோஸ். வைத்தியனை விலைக்கு வாங்குகிறவன் ஒரு தோட்டத்துரை. அந்தத் தோட்டத்தில் பிறந்த கதை, ஹாலிவுட்டுக்குப் போய் 1935இல் எர்ரால் பிளின்னுக்குக் கீர்த்தி தேடிக் கொடுத்து, பிறகு சென்னைக்கு வந்து ராஜ உடை தரித்து, யாரும் உத்தேசிக்காமலே இன்னொரு தோட்டத்து ஜனங்களின் முன்னால் வந்து நின்றதே, அதைச் சினிமா சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். சென்னைக்காரர்கள் துரையை நீக்கிவிட்டார்கள் என்பது வாஸ்தவந்தான். ஆனால், கன்னித் தீவில் அதிகாரம் செய்து நிற்கும் மனிதனுக்கு, லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த ஜனங்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகத்தை மாட்டிவிட அதிக நேரம் ஆகவில்லை.

இந்தப் படத்தின் கலைத் திறமை வசனத்தில் இல்லை, பாட்டை அமைத்த விதத்தில் இருக்கிறது. கடலின் நடுவே, பறவையையும் அலையையும் சாட்சிக்கு அழைத்து விடுதலையை விரும்பிப் பாடும் பாட்டைக் கண்ணதாசன் எழுத, டி. எம். சௌந்தரராஜன் பாடினார், விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் கூட்டாக இசையமைத்த கடைசிக் காலத்துப் பாட்டு அது. நாயகன் ஓர் அடியை எடுத்துக் கொடுக்கிறான், கூட்டம் அதை வாங்கிக்கொள்கிறது. வாங்கின மாத்திரத்தில், ஒருவன் மனத்திலிருந்த ஆசை பலருடைய தீர்மானமாக மாறிவிடுகிறது. சொற்பொழிவு செய்து சாதிக்க முடியாததை ஒரு கோரஸ் சாதித்துவிடுகிற இந்த வித்தை நம் ஜனங்களுக்குப் புதிதன்று. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டங்களில் பாட்டுப் பாடித்தான் கூட்டம் சேர்த்தார். அதற்கும் முந்தி, மாசி மாதத்தில் காமன் ஊன்றி, தப்பு முழங்க, ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து இருந்தது. பரமசிவன் மன்மதனை எரித்ததும் ரதி புலம்புவாள். அந்தப் புலம்பல் தோட்டம் முழுவதற்கும் சொந்தம். இப்படிப்பட்ட கூத்தில் பழகிய கண்ணுக்கு, ஒரு வைத்தியன் வாள் சுழற்றக் கற்றது எப்போது என்ற கேள்வி எழுவதில்லை. கதாநாயகன் திரையில் தோன்றும்போது எழும் ஆரவாரத்தை அநாகரிகம் என்று முகம் சுளிக்கும் விமரிசகர், கூத்தில் வேஷம் களரிக்கு வருகிறபோது எழும் குலவையைக் கேட்டறியாதவர் என்றே சொல்லவேண்டும். (தஞ்சைப் பக்கத்து லாவணியில், மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரண்டு கட்சிகள் விடியும்வரை வாதாடும், எம்.ஜி.ஆர். கட்சியும் சிவாஜி கட்சியும் எங்கள் தேநீர்க் கடைகளில் வாதாடியதற்குப் பரம்பரை அதுவோ என்று எனக்கு ஒரு சம்சயம் உண்டு.)

மணிமாறனாக நடித்த எம்.ஜி.ஆர். பிறந்தது கண்டிக்குத் தெற்கே ரயில் பாதையிலுள்ள நாவலப்பிட்டியில், 1917 ஜனவரி 17ஆம் தேதி. மலைநாட்டார் அவரை ‘நம்ம ஆள்’ என்று சொல்வதற்கு அந்த ஒரு சங்கதியே போதுமானதாக இருந்தது. 1965இல் அவர் சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்தபோது அந்தப் பாத்தியதை இன்னும் பலப்பட்டது. படகோட்டியாகவும் தொழிலாளியாகவும் விவசாயியாகவும் ரிக்‌ஷாக்காரனாகவும் வந்த அவருக்குப் புகழ் கொடுத்த வேஷங்களின் வரிசையில், தேயிலைத் தோட்டத்துக்காரன் மட்டும் இடம் பெறவில்லை. இதைப் பற்றி எங்கள் ஜனங்கள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. கன்னித் தீவிலேயே தங்கள் கணக்கு நேராகிவிட்டதாக அவர்கள் எண்ணியிருக்கலாம்.

ஆனால் அந்தத் தீவுக் கதையில் ஒரு முரண் உண்டு. படத்தில் கப்பல் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்குகிறது. முடிவில் அவர்கள் ஸ்வதந்திர புருஷர்களாகத் தாய்நாட்டுக்குத் திரும்புகிறார்கள். கண்டிச் சீமையிலோ, இங்கேயே பிறந்து வளர்ந்து, 1948ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, கண்டி இந்திய ஸ்தானிகராலயத்து வாசலில் பாஸ்போர்ட்டுக்கு நின்றவர்களை, ரயில் தலைமன்னாருக்கும் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவர்களில் அநேகர் கண்ணாலும் கண்டிராத ஒரு ‘தாய்நாட்டு’க்கு. திரையில் சுபமாக முடிந்த அதே யாத்திரை, வெளியே லயத்து வாசல்களில் ஒப்பாரியாக முடிந்தது. ஜனரஞ்சகப் படத்தின் சமூகக் கருத்து என்பது திரையில் மட்டும் இருப்பதில்லை, எதிரே அமர்ந்திருப்பவரின் விதியோடு சேர்ந்தே அது பூர்த்தியாகிறது என்று நான் நினைப்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

தேயிலையை நேராகவே காட்டின படங்கள் எப்படி என்று கேட்கலாம். முதலில் காதல் பாட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஊட்டியிலோ மூணாற்றிலோ தேயிலைச் செடிகளுக்கிடையே நாயகியும் நாயகனும் ஓடிப் பிடித்து விளையாடும் காட்சி வந்துவிட்டால், கண்டி ரீகல், வெம்பிளி படமாளிகைகளில் பின்வரிசைப் பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பது வழக்கமாக இருந்தது. கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்திய செடி, கிளைக்குக் கிளை பின்னிக் கிடக்கும். அதற்குள் நடப்பதற்கே இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சேலை கிழிந்து தொடையெல்லாம் கீறிவிடும். அட்டை கடிப்பது தனிக் கதை. ஜார்ஜெட் சேலையோடு அதற்குள் ஓடுகிற பெண்ணைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பில், நான் படித்த எத்தனையோ சினிமா விமரிசனங்களைவிட விஷயம் அதிகம் இருந்தது.

பாலாவின் ‘பரதேசி’ (2013) அப்படிச் சிரிக்கக்கூடிய படமன்று. பி. எச். டேனியலின் ‘ரெட் டீ’ நாவலைத் தழுவிய அந்தப் படத்தில், கங்காணி ஊருக்கு வந்து ஆசை வார்த்தை சொல்லி ஆள் சேர்ப்பதும், நாள்கணக்கில் நடக்கும் கூட்டம் வழியில் விழுந்தவனை விட்டுவிட்டு மேலே போவதும் செழியனின் ஒளிப்பதிவில் வந்தபோது, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்துவந்த எங்கள் பாட்டன் பூட்டன்மாரை அதுவரை எந்தப் படமும் இவ்வளவு அருகில் கொண்டுவந்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆயினும் என் திருப்தி பாதிதான். பாலாவின் தொழிலாளிகள் கதறுகிறார்கள், மறுமொழி சொல்வதில்லை. கண்டியை அடுத்த ஹேவாஹெட்டைப் பகுதியிலே முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில், வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனை முதல் தியாகியாகக் கொண்டாடும் ஒரு சமூகத்துக்கு, அழுகை மட்டும் சரித்திரமாகாது. மணிமாறனிடம் மறுமொழி உண்டு, தேயிலை இல்லை. பாலாவிடம் தேயிலை உண்டு, மறுமொழி இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் திரும்பப் பார்க்கலாம் என்றால், நான் மணிமாறனைப் பார்க்கத்தான் போவேன். இதை ரசனைக் குறைவு என்று சொல்பவரோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

இலங்கையிலேயே எடுத்த தமிழ்ப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல இயலவில்லை. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தது. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் தாமே நடித்துத் தயாரித்த ‘புதிய காற்று’ 1975இல் வந்தது. முயற்சி மெச்சத்தக்கதே, ஆனால் கோடம்பாக்கத்து இலக்கணத்தை விட்டு விலக அவற்றுக்குத் துணிவு வரவில்லை. துணிவுள்ள படம் எதிர்பாராத ஒருவரிடமிருந்து வந்தது. கண்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த சிங்களவரான தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் சாதியையும் பற்றி 1977இல் ‘பொன்மணி’ எடுத்தார். ஜனங்கள் அதை ஏற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, சுனில் ஆரியரத்னவின் ‘சருங்கலே’ என்ற சிங்களப் படத்தில், காமினி பொன்சேகா என்ற பெருநடிகர் நடராஜா என்ற தமிழ்க் குமாஸ்தாவாக நடித்தார். தமிழர் சிங்களவர் இரு சாராரும் கூடி வாழும் கண்டி போன்ற நகரத்தில் அந்த வேஷத்துக்கு இருந்த பொருளைத் தனியே எழுதவேண்டும்.

தோட்டத்தைப் பற்றி ஒரு படம் எடுக்க யாராவது முன்வந்தால், அவர் உதயத்தையும் மஞ்சையும் விட்டுவிட்டு, கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு வரட்டும் என்பது என் ஆசை. பெண்கள் தலைக்கயிற்றைத் தளர்த்திக் கூடையை இறக்கி வரிசையில் நிற்பார்கள். தராசின் முள் ஆடி நிற்கும். கணக்கப்பிள்ளை கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்துக்கொண்டு ஓர் எண்ணைக் கூப்பிடுவார். அந்த எண் ஒரு கிலோ குறைந்தாலும் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளந்தான். அதைக் கேட்ட பெண் தராசைப் பார்ப்பாள், கணக்கப்பிள்ளையைப் பார்ப்பாள், பின்னால் நிற்பவள் அவளை இலேசாக முன்னே தள்ளுவாள். இவ்வளவும் நடக்க அரை நிமிஷம்கூட ஆகாது. கருணாநிதியைப் போன்ற ஒரு வசனகர்த்தா அந்த இடத்தில் மூன்று பக்கம் எழுதியிருப்பார். அதையும் நான் கைதட்டிக் கேட்டிருப்பேன்.