ஆஸ்மோ-பிடிஎஸ்: எண் ஏறினால் பவர் இறங்கும்

ஆஸ்மோ-பிடிஎஸ், திறந்த மூல ஜிஎஸ்எம் பேஸ் ஸ்டேஷன் மென்பொருள். அதன் பவர் கன்ட்ரோல் கோடைப் படிக்கிறவரை முதலில் குழப்புவது ஒரு எண். 900 மெகாஹெர்ட்ஸில் நிலை 5 என்றால் 33 டிபிஎம், அதாவது 2 வாட். நிலை 19 என்றால் வெறும் 5 டிபிஎம். ஒரு கழித்தல் குறி இடம் மாறினால் போதும், தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து கடலுக்குள் போகிற போன் கத்த வேண்டிய நேரத்தில் முணுமுணுக்கும், கால் கட்டாகும். அதனால் கணக்கை டிபிஎம்மில் போட்டு, கடைசியில் மட்டும் நிலையாக மாற்றுவதுதான் உருப்படியான சீரமைப்பு.

பின்னால் சேர்ந்த சராசரி வடிகட்டி சிக்னலின் துள்ளலுக்கெல்லாம் பவரை ஆடவிடாது, நல்லதுதான். ஆனா அளவீடு வருவதே 480 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. அலையில் ஆடுற படகுக்கு இந்த நிதானம் கொஞ்சம் ஓவர். ஏற்றும் படியையும் இறக்கும் படியையும் தனித்தனியே அமைக்க விட்டிருக்கிறார்கள். கடலோர டவரில் ஏற்றும் படியைப் பெரிசாகவே வைக்கணும்.