‘நட்சத்திரம்’: ஒரு சொல்லின் சமூகப் பின்னணி

திரைப்பட நடிகரைக் குறிக்கும் ‘நட்சத்திரம்’ எனும் சொல், ‘ஸ்டார்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பாகும். ஆங்கில நாடக மேடையில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ‘ஸ்டார்’ இப்பொருளில் வழங்கிற்று. எனினும், அதனைப் பெருஞ்சந்தைக்குரிய பண்டமாக்கியது சினிமாவே. அமெரிக்காவின் பயோகிராப் நிறுவனம் தொடக்கத்தில் நடிகரின் பெயர்களை வெளியிடவில்லை. அங்கிருந்து வந்த புளோரன்ஸ் லோரன்ஸின் பெயரையே 1910இல் கார்ல் லெம்லி விளம்பரமாக்கினார். பெயர் மூலதனமாயிற்று.

தமிழுக்கு வந்தபோது இச்சொல் பிறிதொரு பொருட்சுமையையும் ஏற்றது. ஆங்கில வழக்கில் ஒளியும் உயரமும் முதன்மை பெறுகின்றன. தமிழரின் அன்றாட வழக்கிலோ ‘நட்சத்திரம்’ சாதகத்தையும் பிறந்த நேரத்தின் பலனையும் உடனே நினைவூட்டுவது. ‘விண்மீன்’ எனும் சொல் இருந்தும் அது இவ்விடத்தில் வேரூன்றவில்லை. ஆகவே, நடிகரின் உயர்வு உழைப்பின் விளைவாகவன்றி விதியின் கொடையாகத் தோற்றமளிக்கலாயிற்று.

கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரனின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். வறுமை காரணமாகச் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியிற் சேர்ந்த அவர், 1936இல் ‘சதி லீலாவதி’யிற் சிறு வேடம் ஏற்றார். 1947இல் ‘ராஜகுமாரி’யிலேயே கதாநாயகனானார். இடைப்பட்ட 11 ஆண்டு உழைப்பை ‘நட்சத்திரம்’ எனும் சொல் மறைத்துவிடுகின்றது. ‘எக்ஸ்ட்ரா’ எனப்பட்டுப் பின்னர் ‘துணை நடிகர்’ எனப் பெயர்பெற்றோரின் உழைப்போ முற்றாகவே மறைகின்றது.

‘சதி லீலாவதி’யின் நாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற் கூலியாகிறான் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்கள், நாவலப்பிட்டியிற் பிறந்தவரைத் தம்மவராகக் கொண்டாடியதை வெறும் அறியாமையென ஒதுக்குதல் தகாது. தமக்கு மறுக்கப்பட்ட மதிப்பையே அவர்கள் திரையிற் கண்டனர். ஆனால், கூட்டாகப் போராடிப் பெறவேண்டியதைத் தனியொருவரின் விதியாக மாற்றிக் காட்டியது அச்சொல்.

தொழிற்சங்கத்தவரான வி. பி. கணேசன் 1978இல் தம் படத்துக்கு ‘நான் உங்கள் தோழன்’ எனப் பெயரிட்டார். ‘தோழன்’ வானத்திலிருப்பவனல்லன், அருகில் நிற்பவன். ஆயினும் அங்கும் தயாரிப்பாளரே கதாநாயகர். பெயர் மாறுவதால் மட்டும் உற்பத்தி உறவுகள் மாறிவிடுவதில்லை. அவ்வுறவுகளை மறைக்கும் சொற்களை இனங்காண்பது விமர்சனத்தின் முதற்பணியாகும்.