பேரரசர் மறைவும் பத்திரிகைப் பண்பும்

ஒருவர் இறந்தவிடத்து அவரைச் சார்ந்தோர் அழுதல் இயற்கை. அரசர் ஒருவர் இறந்தவிடத்து அழுதோர் யார், அழாதோர் யார் என்று அயலார் நோக்கத் தொடங்குவராயின், அங்கே துயரம் கடமையாக மாறிவிடுகின்றது. இயற்கைத் துயருக்கும் கடமைத் துயருக்கும் இடையே நிற்பவை பத்திரிகையும் வானொலியும் தொலைக்காட்சியுமாம். மக்களின் துயரை எடுத்துரைப்பதோடு அவை அமைகின்றனவா, அன்றி மக்கள் இன்னவாறு துயருறல் வேண்டுமென விதிக்கின்றனவா என்பது ஆராயத்தக்க வினா. இவ்வினாவுக்கு விடை காண்பார்க்கு, யப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ 1989 ஆம் ஆண்டில் மறைந்தபோது நிகழ்ந்தவை பெரிதும் உதவுவன.

ஹிரோஹிட்டோ 1901 இல் பிறந்து 1926 இல் அரியணை ஏறியவர். 1945 வரை அவர் தெய்வத்தன்மை வாய்ந்தவராகப் போற்றப்பட்டார். சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் பசுபிக் தீவுகளிலும் யப்பானியப் படைகள் அவர் பெயராலேயே போர் புரிந்தன. தோல்வியின் பின்னர், 1946 ஆம் ஆண்டுப் புத்தாண்டு அறிக்கையில் அத்தெய்வத்தன்மை மறுக்கப்பட்டது. 1947 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு அவரை நாட்டினதும் மக்கள் ஒற்றுமையினதும் சின்னம் என வகுத்தது. ரோக்கியோவில் நடைபெற்ற போர்க்குற்ற விசாரணையில் அவர் நிறுத்தப்பட்டாரல்லர். இவ்வாறு ஒருவர் வாழ்விலேயே இருவேறு காலங்கள் அமைந்தன. அவ்விரண்டையும் இணைக்கும் வினா ஒன்றுண்டு. போருக்கு அவர் எவ்வளவு பொறுப்பாளி என்பதே அது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவ்வினா பொதுமேடையிற் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டே வந்தது.

1988 ஆம் ஆண்டு செப்தெம்பர் 19 ஆந் திகதி இரவு பேரரசர் குருதி வாந்தியெடுத்தார். அன்று தொடங்கி 1989 சனவரி 7 ஆந் திகதி காலை அவர் உயிர் நீங்கும்வரை 111 நாட்கள் சென்றன. அந்நாட்களில் அவருடைய உடல் வெப்பம், நாடித்துடிப்பு, குருதியமுக்கம், சுவாசம், ஏற்றப்பட்ட குருதியின் அளவு ஆகியன நாள்தோறும் அறிவிக்கப்பட்டன. பத்திரிகைகள் அவற்றைப் பதிப்பித்தன. தொலைக்காட்சித் திரையிலும் அவை இடையறாது தோன்றின. மொத்தமாக 30 லீற்றருக்கு மேற்பட்ட குருதி ஏற்றப்பட்டதென்பதை நாடறிந்தது. ஆனால், அவரைப் பற்றிய நோய் புற்றுநோயே என்பது அவர் மறைந்த பின்னரே அரண்மனை மருத்துவரால் முறைப்படி அறிவிக்கப்பட்டது. எண்கள் பெருகினால் அறிவும் பெருகும் என்று எண்ணுவார்க்கு இது தக்கதொரு பாடம். நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தோர்க்கு அந்நாடிக்குரியவர் வாழ்ந்த வாழ்வை எண்ணிப் பார்க்க நேரமில்லாது போயிற்று.

பத்திரிகை அலுவலகங்கள் இதற்கு முன்னரே ஆயத்தமாயிருந்தன. பேரரசர் மறையும் நாளை ‘எக்ஸ் நாள்’ எனக் குறியீட்டுப் பெயரால் வழங்கி, அன்று வெளியிட வேண்டிய கட்டுரைகளையும் படங்களையும் ஆண்டுக்கணக்காக அவை தொகுத்து வைத்திருந்தன. முன்னேற்பாடு குற்றமன்று. காலம் மிகுதியாக இருந்தும், கேட்க வேண்டிய வினாவை அவற்றுட் பெரும்பாலானவை அத்தொகுப்பில் முதன்மையாக வைக்காமற் போனமையே குறை.

இக்காலத்திலே மக்களிடை நிலவிய ஒழுக்கத்தை யப்பானியர் ‘ஜிஷுக்கு’ என்றனர். தன்னைத்தானே அடக்கிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். இலையுதிர்காலத் திருவிழாக்கள் பல கைவிடப்பட்டன. திருமண விருந்துகள் சுருங்கின, சில பிற்போடப்பட்டன. மோட்டார் வண்டி விளம்பரம் ஒன்றில், வண்டியினுள் இருந்தவர் பார்ப்போரை நோக்கி நலம் வினவுவார். பேரரசர் நலமின்றி இருக்கையில் அச்சொல் ஒலித்தல் தகாதெனக் கருதி, வாயசைவை மட்டும் விட்டுக் குரலை நீக்கிவிட்டனர். இவற்றையெல்லாம் விதித்த சட்டம் ஒன்றேனும் இல்லை. அயலூர் விழாவை நிறுத்தியது என்று பத்திரிகை எழுதும். அதைக் கண்ட ஊர் தன் விழாவை நிறுத்தும். அச்செய்தியும் மறுநாள் பத்திரிகையில் வரும். விழாக் கடைகளை நம்பிப் பிழைத்த சிறுவணிகரும் கலைஞரும் வருவாயிழந்தனர். மிகையான அடக்கம் பேரரசரின் உள்ளத்துக்கு உவப்பாகாதெனப் பட்டத்து இளவரசரே கவலை தெரிவித்தார் எனின், நிலைமை எவ்வளவு தூரம் சென்றிருந்தது என்பது விளங்கும். ஆணையிடுவார் ஒருவராயின் அவரை எதிர்த்து வாதிடலாம். ஒருவர்க்கொருவர் அஞ்சி அடங்கும் இடத்தில் எதிர்த்து வாதிட ஆளில்லை. செய்தி கூறிய பத்திரிகை, தான் கூறிய செய்தியாலேயே அச்சத்தை வளர்த்ததென்பது மறுக்கற்பாலதன்று.

மறைவு அறிவிக்கப்பட்ட நாளிலும் மறுநாளிலும் தனியார் தொலைக்காட்சி நிலையங்கள் விளம்பரங்களை நீக்கிப் பேரரசர் வாழ்வையே காட்டின. எந்த அலைவரிசையைத் திருப்பினும் அதே காட்சி. அவ்விரு நாட்களிலும் யப்பானிய நகரங்களில் வீடியோ நாடாக்களை வாடகைக்கு விடும் கடைகளில் மக்கள் திரண்டனர். இவர்கள் பேரரசரை வெறுத்தவரல்லர்; அரண்மனை முன்றலில் மழையென்றும் குளிரென்றும் பாராது வரிசையில் நின்று கையொப்பமிட்டவரும் அவர்களுள் இருந்திருக்கலாம். ஓரளவு துயரம் உடையாரைப் பேரளவு துயரம் கொள்ளுமாறு வற்புறுத்தினால் அவர் வாயால் மறுப்பதில்லை. மெல்ல எழுந்து வெளியே சென்றுவிடுவர். அக்கடைகளின் கூட்டம் தொலைக்காட்சி நிலையங்கள் மீது மக்கள் எழுதிய வாய்பேசாத விமரிசனம் எனலாம்.

சொல்லாட்சி இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. யப்பானிய மொழியிலே பேரரசர் இறப்பைக் குறிப்பதற்கென்றே ‘ஹோக்யோ’ என்னும் சொல் உண்டு. யப்பானின் பெரும் பத்திரிகைகள் அச்சொல்லையே பெரிய எழுத்தில் தலைப்பாக இட்டன. தமிழிலும் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றாற்போல, வேந்தர் இறப்பைத் துயிலாகக் கூறும் மரபு உண்டு. மங்கல வழக்கில் தவறில்லை. ஆயினும் ஒக்கினாவாத் தீவின் இரு நாளிதழ்களும் அவ்வரச வழக்கை விடுத்து, மதிப்பிற்குரிய எவர் மறைந்தாலும் வழங்கும் ‘கோ-செய்க்கியோ’ என்னும் சொல்லையே ஆண்டன. 1945 ஆம் ஆண்டுப் போரில் ஒக்கினாவாவின் குடிமக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மாண்டனர். பின்னர் 1972 வரை அத்தீவு அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்தது. போருக்குப்பின் பேரரசர் அங்கு ஒருமுறையேனும் சென்றாரல்லர். 1987 இல் செல்லவிருந்த பயணமும் நோயினாற் கைவிடப்பட்டது. இத்துணை வரலாற்றையும் அவ்விரு பத்திரிகைகள் ஒரு சொல்லின் தெரிவினாலே உணர்த்திவிட்டன. அவை வசைமொழி கூறவில்லை. மரியாதையிலும் குறை வைக்கவில்லை. தம் மக்களின் நினைவுக்கு மாறான சொல்லைத் தவிர்த்தன, அவ்வளவே. பத்திரிகைப் பண்பு யாதெனின் இதுவே எனலாம்.

இதற்கு மாறாக, அன்று வெளியான பிரதம மந்திரி தக்கெஷிட்டாவின் அறிக்கை, போரானது பேரரசரின் விருப்பத்துக்கு மாறாக மூண்டதெனக் கூறிற்று. போரை முடித்துவைத்த பேரரசரின் முடிவை விரித்துரைத்த ஏடுகள் பல; போரைத் தொடங்கிய ஆணையும் அவர் பெயராலேயே வந்ததென்பதை அதே அளவு விரித்துரைத்தவை சில. தொடங்கியதிற் பங்கில்லாதவர்க்கு முடித்ததில் மட்டும் முழுப்புகழ் எங்ஙனம் உரியதாகும் என்னும் எளிய தருக்க வினா பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. சீனத்து ஊர்களில் மாண்டாரும், சீயம் - பர்மா இருப்புப்பாதை வேலையில் மடிந்த பல்லாயிரம் மலாயாத் தமிழ்த் தொழிலாளரும் அப்பக்கங்களில் இடம்பெறல் அரிதாயிற்று.

பத்திரிகைகள் செய்யத் தயங்கியதைத் தனியொருவர் செய்தார். நாகசாகி மாநகர முதல்வர் மொத்தோஷிமா ஹித்தோஷி, 1988 டிசம்பர் 7 ஆந் திகதி நகரசபையில் எழுந்த வினாவொன்றுக்கு விடையளிக்கையில், பேரரசருக்குப் போர்ப்பொறுப்பு உண்டென்றே தாம் கருதுவதாகக் கூறினார். அவர் ஆளுங்கட்சியைச் சார்ந்தவர்; தாமே படையிற் பணியாற்றிப் பிறரைப் போருக்குப் பயிற்றியவர். தம்மையும் உட்படுத்தியே அவர் பேசினார். கூற்றை மீட்டுக்கொள்ளுமாறு கட்சி வற்புறுத்தியும், தம் நெஞ்சுக்கு மாறாகப் பேசல் இயலாதென மறுத்தார். தீவிர தேசியவாதிகள் ஒலிபெருக்கி வண்டிகளில் வந்து அவரைக் கண்டித்தனர். அதே வேளையில் நாடெங்குமிருந்து 7,000க்கு மேற்பட்ட கடிதங்கள் அவருக்கு வந்தன; அவற்றுட் பெரும்பாலானவை அவரைப் பாராட்டியவை. வெளியே அடங்கியிருந்த மக்கள் உள்ளே எத்துணை எண்ணங்களைத் தேக்கி வைத்திருந்தனர் என்பதை அக்கடிதங்கள் காட்டின. 1990 சனவரி 18 ஆந் திகதி நகரமண்டபத்தின் முன்னே அவர் துப்பாக்கியாற் சுடப்பட்டார். குண்டு மார்பிற் பாய்ந்தும் உயிர் பிழைத்தார். சொல்லாமல் அடங்கியிருந்த பத்திரிகைகளின் அச்சம் ஆதாரமற்றதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். எனினும், பேசுவோர் பலராயின் குண்டுக்கு இலக்காகும் மார்பு ஒன்றாயிராது என்பதும் இதனாற் பெறப்படும்.

வெளிநாடுகளில் மற்றோர் எல்லையும் காணப்பட்டது. பேரரசர் நோயுற்றிருக்கையிலேயே பிரித்தானியாவின் மலிவுப் பத்திரிகைகள் அவருக்கு நரகம் காத்திருப்பதாக எழுதின. யப்பானிய அரசு அதனைக் கண்டித்தது. யப்பானியச் சிறைமுகாம்களில் வதைபட்டாரின் சினம் நியாயமானது. எனினும் சாபம் விமரிசனமாகாது. ஒரு பக்கத்தார் வணங்கி வினாவைத் தவிர்த்தனர்; மறுபக்கத்தார் ஏசி வினாவைத் தவிர்த்தனர். இரு திறத்தாரும் சான்றுகளை எடுத்து ஆராயும் பணியைச் செய்திலர்.

இறந்தாரைப் பழித்தல் பண்பன்று, இறுதிச் சடங்கு நாள் தீர்ப்பு நாளன்று என்பர் சிலர். தனிமனிதர் திறத்தில் இக்கூற்றுப் பொருந்தும். அரசர் திறத்திலோ, அந்நாளிலே தீர்ப்பு ஏற்கெனவே வழங்கப்பட்டு விடுகின்றது. ஏனெனிற் புகழ்தலும் ஒரு தீர்ப்பே. அமைதியை விரும்பிய பேரரசர் என்று தலையங்கம் எழுதுவோர் வரலாற்று முடிவொன்றை எழுதுகின்றனர். அம்முடிவை எழுதுதற்கு அந்நாள் தக்கதாயின், அதனை ஐயுறுதற்கும் அந்நாள் தக்கதேயாகும். ஐயத்தை மட்டும் நாளைக்குத் தள்ளுமாறு கேட்டல் மரியாதையன்று. வழக்கின் ஒருபக்கத்தை மட்டும் கேட்டு மன்றத்தைக் கலைப்பதாகும்.

வன்மமின்றி உண்மை கூறுதல் இயலாதெனக் கருதுவார்க்கு ஈழநாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1942 ஏப்பிரலிற் கொழும்பும் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. 1951 இற் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே இலங்கைப் பிரதிநிதி ஜே. ஆர். ஜயவர்த்தனா, அவ்விமானத் தாக்குதலால் விளைந்த சேதத்தை முதலில் எடுத்துரைத்து, நட்டஈடு கேட்கும் உரிமை உண்டெனக் கூறி, அதன் பின்னரே, புத்தர் போதனையைச் சுட்டி, அவ்வுரிமையை நாடு கோராதென அறிவித்தார். சேதத்தைக் கூறாதுவிட்டிருப்பின் அத்துறவுக்குப் பொருளே இராது. பகையை விடுதல் வேறு. நிகழ்ந்ததை மறைத்தல் வேறு.

1989 பெப்ருவரி 24 ஆந் திகதி, ரோக்கியோவிற் குளிர்மழை பெய்ய, உலகத் தலைவர் பலர் சூழப் பேரரசரின் இறுதிச் சடங்கு நடந்தேறியது. தெருவோரங்களில் நின்ற முதியோர் பலர் அழுதனர். போரிற் போன மக்களையும், போன தம் இளமையையும் எண்ணி அழுதார் அவர்களுள் இல்லாதிருந்திரார். அக்கண்ணீர் எவர் விதித்தும் வந்ததன்று, எவராலும் பழிக்கத்தக்கதுமன்று. அழுவார் அழுதற்கும், அழாதார் வாளா இருத்தற்கும், வினவுவார் வினவுதற்கும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இடமளித்தலே பத்திரிகையின் கடன். அவ்விடத்தை அளித்தவை ஒக்கினாவாவின் இரு சிறு ஏடுகள். அளிக்கும் ஆற்றல் மிகுதியும் உடையனவோ பெரும் பத்திரிகைகள்.